பனித்தகைவு வரைபடத்தின் சிவப்பு எங்கிருந்து வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளியான அண்டார்க்டிகா பற்றிய கட்டுரையோடு ஒரு வண்ணப்படம் அச்சாகியிருந்தது. மிதக்கும் பனித்தட்டின் விளிம்பில் சிவப்பும் உட்பகுதியில் மஞ்சளும் நீலமுமாக இருந்த அந்தப் படத்தின் அடியில், பனியில் நிலவும் தகைவு (பனிக்குள் ஓரலகுப் பரப்பின் மீது செயல்படும் உள்விசை) இது என்றும், சிவந்த இடங்கள் உடையும் நிலையில் உள்ளன என்றும் ஒரு வரி இருந்தது. அங்கிருந்து கட்டுரை நேரே தனுஷ்கோடிக்கும் தேவிபட்டினத்துக்கும் வந்து, இராமநாதபுரம் கரையோர ஊர்களின் எதிர்காலம் குறித்துக் கவலை தெரிவித்து முடிந்தது. அந்தக் கவலையில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் படத்தில் உள்ள சிவப்பை எந்தக் கருவியும் அளக்கவில்லை. கணினியும் அதை நேரடியாகத் தீர்த்துக் காணவில்லை. பனி நகரும் வேகத்தைக் கணினி முதலில் காண்கிறது. அந்த வேகத்திலிருந்து பல அனுமானங்களின் துணையோடு பிறகு வருவிக்கப்பட்ட எண்தான் அங்கே சிவப்பாக நிற்கிறது. எப்படி வருவிக்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் அத்தகைய படத்தை அச்சிடுவது வாசகர்களுக்கு உதவாது என்பதே இக்கடிதத்தின் செய்தி.

பல ஆண்டுகள் பொறியியல் விசையியல் கற்பித்தவன் என்பதால் எழுந்த குறைகாணும் பழக்கம் என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழுவின் 2021-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 1901 முதல் 2018 வரை உலகின் சராசரிக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. 1995–2014 சராசரியோடு ஒப்பிட, 2100-க்குள் உமிழ்வு மிகக் குறைவாக இருந்தால் 28 முதல் 55 செ.மீ. வரையிலும், மிக அதிகமாக இருந்தால் 63 செ.மீ. முதல் 1.01 மீட்டர் வரையிலும் உயர்வு இருக்கக்கூடும் என்கிறது அந்த அறிக்கை. அதோடு நிற்காமல், நிலத்தை மூடியிருக்கும் பனிவிரிப்புகளின் போக்கு இன்னும் தெளிவாகாத காரணத்தால் 2 மீட்டரை நெருங்கும் உயர்வையும் அடியோடு ஒதுக்கிவிட முடியாது என்றும் அது குறிப்பிடுகிறது. ஒரு மீட்டருக்கும் இரண்டு மீட்டருக்கும் இடையிலான அந்த வேறுபாட்டில் பெரும்பங்கு, பனித்தட்டுகளும் பனிமுகப்புகளும் எங்கே, எப்போது, எவ்வளவு விரைவாக உடையும் என்ற கேள்வியைச் சார்ந்தது. உடைவது தகைவால். ஆகவே தகைவு எவ்வளவு நம்பத்தக்க விதத்தில் கணக்கிடப்படுகிறது என்பது, மண்டபத்திலும் தொண்டியிலும் கீழக்கரையிலும் கடலுக்கு முகம் கொடுத்து வாழ்பவர்களுக்குத் தொலைதூரச் செய்தி அல்ல. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்தது புயல் எழுப்பிய அலையே தவிர, கடல்மட்டத்தின் மெதுவான உயர்வு அல்ல என்பது உண்மைதான். ஆனால் இனி வரும் புயலின் அலை எந்த மட்டத்திலிருந்து எழும் என்பதை அந்த மெதுவான உயர்வே தீர்மானிக்கும். மேலும், அண்டார்க்டிகா பனியை இழக்கும்போது அதன் ஈர்ப்பு குறைந்து அருகிலுள்ள கடல்நீர் விலகுவதால், நம்மைப் போன்ற தொலைவான கரைகளில் உயர்வு உலகச் சராசரியைவிடச் சற்று மிகுதியாகவே அமையும்.

கணக்கீடு நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். பனிக்கட்டி நீண்ட கால அளவில் மிகக் கெட்டியான பாகைப் போல ஓடுகிறது. பின்லாந்தின் சி.எஸ்.சி. கணினி மையத்தில் வளர்ந்த எல்மர்/ஐஸ், அமெரிக்காவில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகமும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகமும் சேர்ந்து உருவாக்கிய ஐ.எஸ்.எஸ்.எம். ஆகியவை இத்துறையில் பரவலாகப் பயன்படும் மென்பொருள்கள். இவை பனிப்பரப்பைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து ஒரு வலையாகப் பின்னி, அந்த வலையின் ஒவ்வொரு கணுவிலும் விடை காண்கின்றன. பைனைட் எலிமென்ட் முறை என்று பொறியாளர்கள் அழைப்பது இதைத்தான். எதையும் சுருக்காமல் முழு ஓட்டச் சமன்பாடுகளையும் தீர்க்கும்போது, முப்பரிமாணத்தில் ஒரு கணுவுக்கு நான்கு அறியாத எண்கள் உண்டு: மூன்று திசைகளில் வேகம், அவற்றோடு அழுத்தம். தகைவு அந்த நான்கில் ஒன்றாக இல்லை. தகைவை முழுமையாகச் சொல்ல ஆறு தனித்த எண்கள் வேண்டும். அவற்றையும் அறியாத எண்களாகச் சேர்த்துக்கொண்டால் ஒரு கணுவுக்குப் பத்து எண்கள் என்றாகிக் கணக்கு பெருத்துவிடும். எனவே வேகமும் அழுத்தமும் கிடைத்த பின், தனியொரு படியாகத் தகைவு வருவிக்கப்படுகிறது. இதில் தவறு ஒன்றும் இல்லை. பாலங்களையும் கப்பல்களையும் வடிவமைக்கும் கணக்குகளிலும், முதலில் இடப்பெயர்ச்சியைக் கண்டு பிறகுதான் தகைவை எடுக்கிறார்கள். ஆனால் பனியில் இந்த இரண்டாம் படி பாலத்தில் இருப்பதைவிட வழுக்கலானது.

வேகம் மிகுந்த இடத்தில் தகைவும் மிகும் என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். தங்கள் கட்டுரையின் ஒரு பத்தியும் அந்தப் பொருளையே தந்தது. நம் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கம்பாக்கயிறு முழுவதும் ஒரே வேகத்தில் வந்துகொண்டிருந்தால், எவ்வளவு விரைவாக வந்தாலும் கயிறு நீளாது. முன்பகுதி விரைந்தும் பின்பகுதி தயங்கியும் வரும் இடத்தில்தான் அது நீளும். பனியிலும் அவ்வாறே. அடுத்தடுத்த இரு புள்ளிகளின் வேகத்துக்கு இடையே உள்ள வேறுபாடு, அதாவது வேகச் சரிவு, திரிபு வீதத்தை, அதாவது பனி எவ்வளவு விரைவாக உருமாறுகிறது என்பதை, தருகிறது. திரிபு வீதத்தைத் தகைவாக மாற்றுவதற்குப் பனிக்கட்டியின் பண்பு தெரிய வேண்டும். அதற்கு இன்றும் அடிப்படையாக இருப்பது, ஆங்கிலேய இயற்பியலாளர் ஜான் கிளென் ஆய்வகத்தில் பனிக்கட்டியை அழுத்திப் பார்த்து 1955-இல் வெளியிட்ட விதி: திரிபு வீதம் தகைவின் மும்மடிக்கு (தகைவு × தகைவு × தகைவு) நேர்விகிதத்தில் இருக்கும்.

இந்த மும்மடியால் விளையும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேகச் சரிவில் 10 விழுக்காடு பிழை இருந்தால், தகைவில் வருவது ஏறத்தாழ 3 விழுக்காடுதான். கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் அந்த விகிதத்தை நிர்ணயிக்கும் மாறிலியின் கதை வேறு. பனியின் மென்மையைக் குறிக்கும் அந்த மாறிலி, வெப்பநிலையைப் பொறுத்துக் கடுமையாக மாறும்; 0 பாகை செல்சியஸில் உள்ள அதன் மதிப்பு, கழித்தல் 10 பாகையில் உள்ளதைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு. ஏழின் கனமூலம் இரண்டுக்குச் சற்றே குறைவு. ஆகவே வேகம் துளியும் மாறாத ஒரே படத்தை வைத்துக்கொண்டு, பனி 10 பாகை கூடுதலாகக் குளிர்ந்திருக்கிறது என்று கணக்கிடுபவர் எண்ணினால், தகைவு ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். அண்டார்க்டிகாவின் பனித்தட்டுகளில் மேல்பரப்பு கடுங்குளிராகவும் கடல்நீரைத் தொடும் அடிப்பரப்பு உறைநிலையிலும் இருப்பதால், ஒரே இடத்தில் ஆழத்துக்கு ஆழம் இந்த மதிப்பு வேறுபடும். போதாக்குறைக்கு, சில மிதக்கும் பனித்தட்டுகளுக்கு மும்மடியைவிட நான்மடி பொருந்துகிறது என்று 2022-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது.

அடுத்தது வலை. எளிய கூறுகளைப் பயன்படுத்தும்போது, ஒவ்வொரு கூறுக்குள்ளும் வேகம் நேர்கோட்டில் மாறுவதாகக் கொள்கிறார்கள். அப்படியானால் ஒரு கூறுக்குள் வேகச் சரிவு ஒரே எண்; அடுத்த கூறுக்குள் வேறோர் எண்; நடுவிலுள்ள எல்லையில் அது தாவும். வேகம் தொடர்ச்சியாக இருக்கும், தகைவு படிக்கட்டாக இருக்கும். வலையின் கண்ணியை, அதாவது ஒரு கூறின் அளவை, பாதியாக்கினால் வேகத்தில் உள்ள பிழை சாதாரணமாகக் கால்பங்காகக் குறையும். சரிவில் உள்ள பிழையோ பாதியாகத்தான் குறையும். எனவே வேகம் நன்றாகப் பொருந்திவிட்டது என்பதைக் காட்டி, தகைவும் அதே தரத்தில் இருக்கிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. படிக்கட்டை அப்படியே வரைந்தால் படம் அழகாக இராது என்பதால், கணுவைச் சுற்றியுள்ள கூறுகளின் மதிப்புகளைச் சராசரி எடுத்தோ, தகைவின் ஆறு எண்களில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சமன்பாட்டுத் தொகுதி ஒன்றைத் தீர்த்தோ வழவழப்பாக்குகிறார்கள். இரண்டாவது வழி மேலானது. எல்மரில் அதற்கென்றே ஒரு பகுதி உள்ளது. ஆயினும் வேகமாக ஓடும் பனியும் அசையாத பனியும் உரசும் ஓரங்களில், உண்மையாகவே இருக்கும் கூர்மையான மாற்றத்தையும் இது தேய்த்து அகலமாக்கிவிடும். அதைவிடப் பெரிய குறை, பனியின் மேல்பரப்பிலும் கடலை நோக்கிய முகப்பிலும் கணுவுக்கு ஒரு பக்கம் மட்டுமே கூறுகள் உள்ளன என்பது. உட்பகுதியில் இருபுறத்துப் பிழைகளும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்துகொள்ளும். விளிம்பில் அந்த வாய்ப்பு இல்லை. பிளவுகள் தொடங்குவதோ அந்த மேல்பரப்பிலும் முகப்பிலும்தான். தங்கள் படத்தில் மிகச் சிவந்திருந்த பகுதி, இந்தக் கணக்கு மிகவும் வலுக்குறைந்த பகுதியும் ஆகும்.

எனக்கு மிகவும் கவலை தருவது அழுத்தம். ஒரு கிலோமீட்டர் தடிமனுள்ள பனியின் அடியில், மேலுள்ள பனியின் எடையால் ஏறத்தாழ 9 மெகா பாஸ்கல் அழுத்தம் நிலவும். நம்மைச் சூழ்ந்துள்ள காற்றழுத்தத்தைப் போல் சுமார் 90 மடங்கு அது. பனியை உருமாற்றி ஓடச் செய்யும் தகைவோ பெரும்பாலும் 0.1 மெகா பாஸ்கல் அளவில், அதாவது ஒரு காற்றழுத்த அளவில்தான் இருக்கும். பனி ஓடுவதற்கு அந்த உருமாற்றும் பகுதி மட்டும் போதும். அழுத்தம் அதில் கலக்காது. ஆனால் பனி பிளக்குமா என்று கேட்டால், அழுத்தத்தையும் சேர்த்த முழுத்தகைவு வேண்டும். எந்தத் திசையிலாவது அது இழுவையாக மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது 9-க்கு அருகிலுள்ள ஓர் எண்ணிலிருந்து அதற்கு மிக நெருக்கமான இன்னோர் எண்ணைக் கழித்து மிச்சத்தைத் தேடுகிறோம். அழுத்தத்தில் ஒரு விழுக்காடு பிழை நேர்ந்தாலே 0.09 மெகா பாஸ்கல். தேடிய விடைக்கு நிகரான பிழை. இந்த வகைக் கணக்கீட்டில் அழுத்தம் எளிதில் பிசகக்கூடியது என்பது இத்துறையில் உள்ளவர்கள் எல்லோரும் அறிந்த செய்தி. வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் ஒரே வகைக் கூறுகளைப் பயன்படுத்தித் தக்க நிலைப்படுத்தல் செய்யாவிட்டால், அடுத்தடுத்த கணுக்களில் அழுத்தம் மேலும் கீழுமாகத் துள்ளும். வேகப் படத்தில் இது கண்ணுக்கே தெரியாது. முழுத்தகைவுப் படத்தில் இல்லாத பிளவுகளாகத் தோன்றும். ஆகவே தகைவு என்ற ஒரே சொல்லின் கீழ் உருமாற்றும் தகைவைப் போட்டிருக்கிறார்களா, முழுத்தகைவைப் போட்டிருக்கிறார்களா என்பதைச் சொல்லாத படத்தைப் படிக்கவே இயலாது. முதலாவது என்றால் சிவப்பு என்பது விரைவாக உருமாறும் இடம். உடையும் இடமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இவ்வளவு ஐயங்களைச் சொல்பவன், கணக்கைச் சரிபார்க்க வழியே இல்லை என்று சொல்வதாகப் பொருள் கொள்ள வேண்டாம். தாளும் பேனாவும் கொண்டு விடை காணக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. பக்கங்களில் எதுவும் தடுக்காமல் கடலில் மிதக்கும், 300 மீட்டர் தடிமனுள்ள, சீரான ஒரு பனித்தட்டை எடுத்துக்கொள்வோம். பனியின் அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு 917 கிலோ, கடல்நீரின் அடர்த்தி 1028 கிலோ. முகப்பில் பனி வெளியே தள்ளும் விசைக்கும் கடல்நீர் உள்ளே தள்ளும் விசைக்கும் உள்ள வேறுபாட்டைத் தடிமனால் வகுத்தால், சராசரியாக 0.146 மெகா பாஸ்கல் நிகர இழுவை கிடைக்கும். உருமாற்றும் தகைவு இதில் பாதி, 0.073. பனி முழுவதும் கழித்தல் 10 பாகையில் இருப்பதாகவும், ஒரே திசையில் மட்டும் நீள்வதாகவும் கொண்டால், கிளென் விதிப்படி ஒரு கிலோமீட்டர் நீளம் ஆண்டுக்கு நான்கு மீட்டருக்குச் சற்று மேல் நீளும். நீர் தேங்காத மேல்பரப்புப் பிளவு, இழுவையும் மேலுள்ள பனியின் எடையும் சமமாகும் ஆழம் வரை, அதாவது 16 மீட்டர் வரை இறங்கும். ஒரு மென்பொருள் இந்த எண்களைத் தரவில்லை என்றால், அதன் வண்ணப்படத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் உள்ளீட்டைப் பார்க்க வேண்டும். அழுத்தத்தில் 0.05 மெகா பாஸ்கல் துள்ளல் இருந்தால், அந்த 16 மீட்டர் ஆழம் ஐந்தரை மீட்டர் மாறிவிடும் என்பதையும் இதே கணக்கு காட்டிவிடும். இன்னொரு சோதனை இதைவிட எளியது: காற்றைத் தொடும் மேல்பரப்பில், பரப்புக்குச் செங்குத்தான தகைவு, காற்றழுத்தத்தைக் கழித்துப் பார்த்தால், சுழியமாக இருக்க வேண்டும். வருவித்த தகைவு அங்கே எவ்வளவு காட்டுகிறதோ, அந்த அளவுக்கேனும் பிழை உள்ளே இருக்கிறது.

பனி தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் கோட்டைப் பற்றி ஒரு சொல். அடியில் பாறையோடு ஒட்டிக்கொண்டிருந்த பனி, சட்டென்று உராய்வே இல்லாத நீரின் மேல் வருகிறது. எல்லை நிலை இப்படித் திடீரென மாறும் இடத்தில், கணிதத்தின்படியே தகைவு வரம்பின்றி ஏறும். கண்ணியைச் சிறிதாக்க ஆக்க உச்ச மதிப்பு கூடிக்கொண்டே போகும். அத்தகைய இடத்தில் உச்சத்தகைவு இவ்வளவு என்று ஓர் எண்ணைச் சொல்வது வலையின் அளவைச் சொல்வதே தவிர, பனியைப் பற்றிச் சொல்வதாகாது. அடித்தரையின் மேல் உள்ள மொத்த உராய்வு விசை வேண்டுமென்றால், தகைவைக் கூட்டிப் பார்ப்பதைவிடத் தீர்த்த சமன்பாடுகளின் எஞ்சிய விசையை நேரே எடுப்பது பலமடங்கு துல்லியமானது.

செயற்கைக்கோள் அளவீடு இருக்கும்போது இத்தனை கணக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோள், இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து உருவாக்கியது. 12 நாட்களுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பி வந்து பனியின் நகர்வை அளக்க வல்லது. நாம் பெருமைப்பட வேண்டிய கருவி. ஆனால் அதுவும் அளப்பது மேல்பரப்பின் நகர்வை; தகைவை அல்ல. 500 மீட்டர் இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளின் வேகத்தில் ஆண்டுக்கு 5 மீட்டர் பிழை எதிரெதிராக நேர்ந்தால், திரிபு வீதத்தில் ஆண்டுக்கு 0.02 பிழை வந்துவிடும். மேலே சொன்ன மிதக்கும் தட்டின் உண்மையான திரிபு வீதமோ 0.004 அளவுதான். அளவீட்டிலிருந்து சரிவை எடுத்தாலும், கணினி வேகத்திலிருந்து எடுத்தாலும், சிக்கல் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

இறுதியாக, உடையும் வரம்பு. பனிப்பிளவுகள் காணப்படும் இடங்களின் திரிபு வீதங்களைத் தொகுத்து பனியியலாளர் டேவிட் வாகன் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், பனியின் இழுவலிமை 0.09 முதல் 0.32 மெகா பாஸ்கல் வரை பரந்திருந்தது. வரம்பே மூன்று மடங்குக்கு மேல் வேறுபடும்போது, வண்ண அட்டவணையில் சிவப்பு எந்த எண்ணில் தொடங்குகிறது என்பது படம் வரைந்தவரின் முடிவு. இதனால் ஆபத்து பொய் என்று ஆகிவிடாது. 2002-இல் அண்டார்க்டிகாவின் லார்சன் பி பனித்தட்டில் 3,250 சதுர கிலோமீட்டர் பரப்பு ஐந்தே வாரங்களில் நொறுங்கியதும், தடுப்பு நீங்கியதால் பின்னாலிருந்த பனியாறுகள் வேகமெடுத்ததும் எல்லோரும் கண்டவை. கோடையில் உருகிய நீர் பிளவுகளில் தேங்கி அவற்றைக் கீழ்நோக்கிப் பிளந்ததே அதற்குப் பெருங்காரணம் என்று கருதப்படுகிறது. தேங்கும் நீரைச் சேர்க்காத தகைவுப் படம் அதை முன்கூட்டியே காட்டியிருக்காது.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. இனி இத்தகைய படத்தை அச்சிடும்போது, அது உருமாற்றும் தகைவா முழுத்தகைவா, அந்த இடத்தில் வலையின் கண்ணி எத்தனை மீட்டர், பனியின் வெப்பநிலை அளக்கப்பட்டதா அனுமானிக்கப்பட்டதா என்ற மூன்றையும் படத்தின் அடியில் ஒரே வரியில் சேர்த்துவிடுங்கள். மூலக்கட்டுரைகளில் இவை பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். நம் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளில் இயந்திரவியலும் கட்டடவியலும் படிக்கும் மாணவர்கள், கட்டணமின்றிக் கிடைக்கும் எல்மர் மென்பொருளைக் கொண்டு மேலே சொன்ன 300 மீட்டர் பனித்தட்டைத் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சாதாரண மேசைக் கணினி அதற்குப் போதும். முதலில் பெரிய கண்ணியில் தொடங்கி, இரண்டு முறை பாதியாக்கி, ஒவ்வொரு முறையும் முகப்பில் தகைவு எவ்வளவு மாறுகிறது என்று குறித்து அனுப்பினால், அந்த அட்டவணையை அறிவியல் பக்கத்தில் வெளியிடத் தாங்கள் இடம் ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பொறியியல் ஆசிரியர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.